பதினேழு விதிகளும் ஒரு வாளித் தண்ணீரும்

ஜெர்மனியில் பனிமலைக்குப் போய் வந்தேன் என்றால் திருச்சியில் எல்லோரும் கண்ணை விரித்துக்கொண்டு "எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். என்னத்தைச் சொல்ல? மலையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அங்கே இருந்த மூன்று நாளும் நான் பார்த்தது ஒரு கார் நிறுத்தும் இடத்தை. என் காலாலேயே அளந்திருக்கிறேன்: நீளம் பதினெட்டு அடி, அகலம் பத்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போனது அதற்கல்ல. என் மகள் மதி, மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங் என்ற ஊரில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் போனில், "அம்மா, நான் ஒருத்தரை லவ் பண்றேன். யாழ்ப்பாணத்துக்காரங்க. இங்க ஜெர்மனியிலயே வுப்பர்டால்ல இருக்காங்க. அவர் கார் மெக்கானிக்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். யாழ்ப்பாணம் சரி, வுப்பர்டாலும் சரி. மெக்கானிக் என்றதும்தான் எனக்கு இடித்தது. டாக்டர் பட்டம் வாங்கப்போகிறவளுக்கு ஸ்பேனர் பிடிக்கிற மாப்பிள்ளையா? டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி இவளைப் படிக்க வைத்தது இதற்குத்தானா?

என் வீட்டுக்காரர் முழங்கால் வலியைச் சாக்கு வைத்து நழுவிவிட்டார். "நீ போய்ப் பாரு. நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்" என்றார். எப்போதும் இப்படித்தான், பழி என் தலையில். பையன் வீட்டார் ஒரு யோசனை சொன்னார்கள். தை பிறக்கும் சமயத்தில் மலையில் ஒரு விடுமுறை வீட்டை வாடகைக்கு எடுப்பது, இரண்டு குடும்பமும் சேர்ந்து தங்குவது, பொங்கலை அங்கேயே பொங்குவது, அன்றைக்கே நான் பதில் சொல்வது. இது இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துக் கதை.

முதல் நாள் நானும் மதியும் ரயிலில் போனோம். பாதி வழியில் தண்டவாளத்தில் பனி என்று எல்லோரையும் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்தப் பஸ் பத்து கிலோமீட்டர் போய் இன்னொரு ஸ்டேஷனில் தள்ளிவிட்டது. ஒருவர் முகத்திலும் கோபமில்லை. எங்கள் ஊராக இருந்தால் டிரைவர் சட்டையில் பொத்தான் மிஞ்சியிருக்காது. இங்கே எல்லோரும் பையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் பையன் நின்றிருந்தான். பெயர் சுதன். இருபத்தெட்டு வயது, நெடுநெடுவென்று உயரம். "வாங்கோ அன்ரி" என்று பெட்டியை வாங்கினான். நான் முதலில் அவன் நகத்தைத்தான் பார்த்தேன். கிரீஸ் இல்லை. "பயணம் கஷ்டமா இருந்ததோ?" என்றான். "கொஞ்சம்" என்றேன். "ஓம் அன்ரி" என்றான்; 'ஆமாம்' என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வீடு வரும்வரை வழியை மட்டும் பார்த்து ஓட்டினான்.

வீட்டு முன்னால் சந்தைக்கடை. பையனுடைய அப்பா தம்பிராசா ஒரு வேனில் வந்திருந்தார். நான் எதிர்பார்த்தது அவரையும் மனைவி புவனத்தையும் மட்டும். கூடவே சித்தப்பா ரவி தன் குடும்பத்தை இன்னொரு காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. எங்களோடு சேர்த்து மூன்று கார். வாசலில் வீட்டுக்காரம்மா. அறுபது வயதிருக்கும், கம்பளித் தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கார்" என்றாள். மதி மொழிபெயர்த்தாள்.

"ரெண்டு நாள்தானே தங்கச்சி, கொஞ்சம் ஒதுக்கி விட்டா மூண்டும் நிக்கும்" என்று தம்பிராசா என்னிடம் சொன்னார், என்னமோ நான்தான் வீட்டுச் சொந்தக்காரி மாதிரி.

வீட்டுக்காரம்மா தாளை நீட்டினாள். கார் நிறுத்துவதற்கு மட்டும் பதினேழு விதிகள். மதி படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. காரைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விடவேண்டும், மூக்கு தெருவைப் பார்க்க வேண்டும். கூரையிலிருந்து பனி சரியும், ஆகவே சுவரை ஒட்டி நிறுத்தக் கூடாது. வைப்பரைத் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியோடு உறைந்துவிடும். என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கக் கூடாது. நிறுத்துமிடத்துப் பனியைக் காலை ஏழு மணிக்குள் விருந்தாளிதான் அள்ள வேண்டும், அள்ளியதை இடது பக்கம் மட்டுமே போட வேண்டும். உப்புப் போடக் கூடாது, மரத்துக்கு ஆகாது. நெருப்பு மூட்டக் கூடாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை தெருவில் காரை நிறுத்தவே கூடாது, பனி அள்ளும் வண்டி வரும்.

திருச்சியில் எங்கள் வீட்டு கேட்டில் 'இங்கு வண்டி நிறுத்தாதீர்' என்று நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். அந்த எழுத்தை மறைத்துக்கொண்டுதான் தினமும் இரண்டு ஸ்கூட்டர் நிற்கும். தெப்பக்குளத்துப் பக்கம் கார் போக வழி இருந்தால் அதில் ஒரு கார் நிற்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு வைப்பரைத் தூக்குவதற்கு ஒரு விதி, பனியை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கு ஒரு விதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுதன் என்ன செய்தான்? பதினேழையும் நின்று படித்தான். "சரி" என்று தலையாட்டினான். அப்பாவின் வேனைக் கொண்டுபோய் இரண்டு கிலோமீட்டர் கீழே இருந்த பொதுக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, பனியில் நடந்தே திரும்பி வந்தான். சித்தப்பா மட்டும் மசியவில்லை. "ஒரு இரவுதானே, ஆர் பாக்கப்போகினம்?" என்று தன் காரைத் தெருவோரமாகவே விட்டார்.

ராத்திரிச் சாப்பாடு புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. புவனம் வுப்பர்டாலிலிருந்தே தேங்காய்ப்பால் டின்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். "எல்லாத்துலயும் தேங்காய்ப்பால்தானா?" என்று மதியின் காதில் முணுமுணுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை. தெருவில் ஏதோ உறுமியது. ஜன்னல் வழியே பார்த்தால், மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பனி அள்ளும் வண்டி போகிறது. அள்ளிய பனியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போகிறது. ஓரத்தில் இருந்தது சித்தப்பாவின் கார். வண்டி போனபின் அங்கே காரே இல்லை. ஒரு நீளமான வெள்ளைச் சுவர் இருந்தது, அதன் மேல் ஆன்டெனா மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என்ர கார்!" என்று சித்தப்பா கட்டியிருந்த லுங்கியோடு ஓடினார். பிறகு குடும்பமே தோண்டியது. மண்வெட்டி இரண்டுதான் இருந்தது. நான் சமையலறையிலிருந்து ஒரு பெரிய தட்டை எடுத்துக்கொண்டு போனேன். நாலு தட்டு அள்ளிப் போட்டிருப்பேன், மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா கையை ஆட்டிக் கத்தினாள். இடது பக்கம் போடச் சொல்கிறாளாம். ஊரே பனிக்குள் மூழ்கிக் கிடக்கிறது, நான் போடுகிற நாலு தட்டு வலது பக்கம் விழுந்தால் என்ன மோசம் போய்விடும்? சுதன் ஒரு வார்த்தை பேசாமல் நான் போட்டதை அள்ளி இடது பக்கம் மாற்றிப் போட்டான். "பரவாயில்லை அன்ரி" என்றான்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. கார் வெளியே வரப் பத்து மணியாகிவிட்டது. அதையும் அவனே கீழே கொண்டுபோய் விட்டான். மத்தியானம் பாத்திரம் துலக்கும்போது மதியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, அவனுக்கு வாயே கிடையாதா? அந்தம்மா சொன்னாலும் ஓம், நான் சொன்னாலும் ஓம், சித்தப்பா பண்ற அக்கிரமத்துக்கும் ஓம். நாளைக்கு உன்னை யாராவது நாலு வார்த்தை சொன்னா அதுக்கும் ஓம்னு தலையாட்டிட்டு நிப்பானா?"

"அம்மா, அவர் டைப் அப்படி. ரூல்னா ரூல். வீணா ஆர்க்யூ பண்ண மாட்டார்."

"படிப்பும் இல்லை, வாயும் இல்லை. நல்லா இருக்கு."

மதி துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், மறுநாள் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். பெற்றவளுக்குக் கல் மனசாக இருக்க வேண்டிய நேரமும் உண்டு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்று மாலை இன்னொரு தகராறு. யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் சூரியனைப் பார்த்துத்தான் பொங்குவார்களாம். புவனம் அதற்கென்றே கேஸ் அடுப்பு கொண்டு வந்திருந்தாள். அந்த வீட்டில் கிழக்கைப் பார்த்த வெட்டவெளி ஒன்றே ஒன்றுதான், அது கார் நிறுத்துமிடம். அங்கே நெருப்புக் கூடாது என்பது பதினாலாவது விதி. "அப்ப உள்ளுக்க கரண்ட் அடுப்பில பொங்குவம், என்ன செய்யிறது" என்று புவனம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது.

மூன்றாம் நாள், பொங்கல். எனக்கு வழக்கம்போல ஐந்தேமுக்காலுக்கே விழிப்புத் தட்டிவிட்டது. கதவைத் திறந்தேன். வெளிவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுதன் அதற்கு முன்பே எழுந்து நிறுத்துமிடத்தைச் சுத்தமாக அள்ளிவிட்டு, பொங்கலுக்குப் பால் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தான். சுற்றிலும் எங்கே பார்த்தாலும் வெள்ளை. நடுவில் பதினெட்டுக்குப் பத்து அடி, கறுகறுவென்று தார்த்தரை. ஒரு துளி பனி இல்லை. அப்படி ஒரு துப்புரவான வாசலை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பொங்கலன்று காலையில் வாசல் வெறுமையாகக் கிடந்தால் எனக்குக் கை நிற்காது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம். வெள்ளை மாவு எடுபடுகிற ஒரே இடம் அந்த ஊரில் அதுதான். பச்சைத் தண்ணீர் உறையும் என்பது எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா? அதனால் குழாயில் நல்ல சூடான தண்ணீரைப் பிடித்தேன். ஒரு வாளி. ஆவி பறக்கப் பறக்கக் கையால் அள்ளித் தெளித்தேன், மிச்சத்தை வீசி ஊற்றினேன். அரிசி மாவை எடுத்துப் பதினோரு புள்ளி வைத்துக் கோலமும் போட்டேன். விரல் மரத்துப்போய்விட்டது, ஆனாலும் கோடு கோணவில்லை. உள்ளே வந்து காபிக்குப் பாத்திரம் வைத்தேன். மனசு நிறைந்திருந்தது.

ஏழு மணிக்கு சுதனின் கார் சத்தம். விதிப்படி பின்பக்கமாக உள்ளே விட்டான். அடுத்த நொடி கடகடவென்று ஒரு சத்தம், மலையே சரிந்த மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தேன். கார் அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய், பக்கத்தில் வீட்டுக்காரம்மா அடுக்கி வைத்திருந்த விறகில் இடித்திருந்தது. ஆள் உயரத்துக்கு அழகாக அடுக்கியிருந்த விறகு பாதி தெருவில் உருண்டு கிடந்தது.

எல்லோரும் வந்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு நேற்றைய பாக்கி இருந்தது. "கார் திருத்துறவருக்குக் கார் விடத் தெரியேல்ல போல" என்று சிரித்தார். வீட்டுக்காரம்மா கம்பளித் தொப்பியோடு இறங்கி வந்தாள்.

சுதன் காரை விட்டு இறங்கினான். ஒரு அடி வைத்ததும் வழுக்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். அதில் என் கோலம், பாதியில் டயர் தடம்.

"ஆர் இதில தண்ணி ஊத்தினது?" என்று அவன் போட்ட சத்தத்தில் எல்லோரும் வாயை மூடினார்கள்.

கோலத்தைப் பார்த்த பிறகு இதில் கேள்வி வேறா? "நான்தான்" என்றேன். குரலை விறைப்பாகத்தான் வைத்துக்கொண்டேன். "வெந்நீர்தான் ஊத்தினேன்."

"மைனஸ் பன்னிரண்டில வெந்நீர் என்ன, பச்சைத்தண்ணி என்ன? இதுக்கு மேல நிண்டு கோலம் வேற போட்டிருக்கிறியள்! விழுந்திருந்தா? இடுப்பெலும்பு முறிஞ்சிருந்தா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோட்டும் சரியில்ல. மதிக்கு நான் என்ன சொல்லுறது? உங்களுக்கு யோசனை இல்லையோ அன்ரி?"

மூன்று நாளாக 'ஓம் அன்ரி' தவிர ஒன்றும் சொல்லாத வாய். முகம் சிவந்திருந்தது. காரின் பின்பக்கம் நசுங்கியிருந்ததை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டெலிபோன் இலாகாவில் என்னை எதிர்த்து ஒருவர் பேசியதில்லை.

"டேய், வாயை மூடு! ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுதோ?" என்று புவனம் பாய்ந்து வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ. நானும் ஊத்தினனான்" என்றாள்.

"என்னத்தை?"

"தண்ணிதான். நாங்கள் வந்த முதல் வருசம், அகதிகள் காம்ப்பில. தைப்பொங்கலண்டு விடிய வாசல் தெளிச்சனான். காம்ப் பொறுப்பாளர் ஃபைல்களைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்து சறுக்கி விழுந்து, ஃபைலெல்லாம் பறந்து, மனிசன் ஒரு மாசம் கையில கட்டோட திரிஞ்சது. எங்கட விசாப் பேப்பரும் அதுக்குள்ளதான். பயத்தில நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

தம்பிராசா வாயைப் பிளந்தார். "அது நீரோ? அண்டைக்கு அந்த மனிசனைத் தோளில தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நானெல்லோ! இருபது வருசமா எனக்குச் சொல்லேல்லையே!"

"சொன்னா நீங்கள் போய் மன்னிப்புக் கேட்டு எங்களை மாட்டிவிட்டிருப்பியள், இஞ்சேருங்கோ."

முதலில் சிரித்தது மதி. அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. வழுக்குகிற வாசலில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நானும் புவனமும் சிரித்த சிரிப்பில் சித்தப்பாவே பயந்துபோனார். வீட்டுக்காரம்மா ஒன்றும் புரியாமல் மாறி மாறிப் பார்த்தாள். மதி விளக்கினாள். பண்டிகை, சூரியன், வாசல், தண்ணீர், மாவு. அந்தம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டு, "விறகைத் திரும்ப அடுக்குங்கள். வெட்டிய முகம் வெளியே தெரிய வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பொடிக்கல் நிறைந்த ஒரு வாளியைக் கொண்டு வந்து வழுக்காமல் இருக்க என் கோலத்தின் மேலேயே தூவினாள். விறகுக்கும் விதி வைத்திருக்கிறாள், பாருங்கள்.

நானும் சுதனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடுக்கினோம். கொஞ்ச நேரம் கழித்து, "கத்திப்போட்டன் அன்ரி, குறை நினைக்காதேங்கோ" என்றான்.

"மூணு நாளா இந்த வாயை எங்க வச்சிருந்தீங்க?" என்றேன்.

"தேவையில்லாத இடத்தில கதைச்சு என்ன அன்ரி? பனி அள்ளினாத்தான் போகும், கதைச்சாப் போகாது."

ஒரு கட்டையை வெட்டுமுகம் உள்ளே போகும்படி வைத்திருந்தேன். எடுத்துத் திருப்பி வைத்தான். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

பொங்கல் கடைசியில் எங்கே பொங்கியது தெரியுமா? கீழே பொதுக் கார் நிறுத்துமிடத்தில். அங்கே நெருப்புக் கூடாது என்று பலகை எதுவும் இல்லை என்பதைச் சுதன் இரண்டு முறை சுற்றிப் பார்த்து உறுதி செய்தான். இரண்டு மணி நேரம்தான் நிற்கலாம் என்று ஒரு பலகை மட்டும் இருந்தது. பனியில் கேஸ் அடுப்பை வைத்தால் அது உருகி அடுப்புச் சாய்ந்தது. சித்தப்பா தன் காரின் ரப்பர் விரிப்பைக் கழற்றிக் கொடுத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டார். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கோலம் தெரியுமா? மஞ்சள்தூளில் போட்டேன். தண்ணீர் தெளிக்கவில்லை. வேனுக்கும் காருக்கும் நடுவில் பால் பொங்கி வழிந்தபோது சூரியன் சரியாக மலைக்கு மேல் வந்தது. பனிச்சறுக்கு மட்டைகளைத் தோளில் சுமந்து போன இரண்டு ஜெர்மன்காரர்களைத் தம்பிராசா விடவில்லை, ஆளுக்கொரு கரண்டி கொடுத்துத்தான் அனுப்பினார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். மதி சாப்பிடவே இல்லை. நான் பிடிகொடுக்காமல் முந்திரியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தேன்.

பகலில் மேலே வந்தோம். வாசல் கதவில் அந்தப் பிளாஸ்டிக் உறைத் தாள். பதினேழுக்குக் கீழே பேனாவில் புதிதாக ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

சுதன் படித்தான். "பதினெட்டு. கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பண்டிகை நாளிலும் கூடாது. மாவுக்குத் தடையில்லை."

"பாத்தீங்களா இந்தம்மாவை!" என்று பொரிந்தேன். பொரிந்த வேகத்திலேயே அவன் பக்கம் திரும்பினேன். "இங்க பாருங்க தம்பி, கல்யாணத்துக்கு அப்புறம் நீங்களும் மதியும் வீடு பாக்கும்போது கார் நிறுத்த இடம் இருக்கோ இல்லையோ, எனக்குத் தண்ணி தெளிச்சுக் கோலம் போட ஒரு வாசல் கண்டிப்பா இருக்கணும். சொல்லிட்டேன்."

மதி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புவனம் கண்ணைத் துடைத்தாள். சுதன் மட்டும் தாளை இன்னொரு தடவை படித்தான்.

"ஓம் அன்ரி, வாசல் இருக்கும்" என்றான். "ஆனா நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும் தண்ணி தெளிக்க ஏலாது."